பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை: நிறுவனம் ஏற்க வேண்டிய பொறுப்புகள்

சுமார் எண்பது பேர் பணியாற்றும் ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் கேட்டிருக்கும் கேள்வி இது: மீண்டும் ஒரு பெருந்தொற்று வந்து அலுவலகத்தை மூட வேண்டிய நிலை ஏற்பட்டால், வேலையும் நின்றுபோகாமல், ஊழியர்களுக்கும் அநீதி இழைக்காமல், வீட்டிலிருந்து வேலை என்ற முறைக்கு ஒரு பொறுப்புள்ள நிறுவனம் எப்படி மாற வேண்டும்? தங்களிடம் மென்பொருள், கணக்கு, வாடிக்கையாளர் சேவை ஆகிய பிரிவுகளோடு ஒரு சிறு கிடங்கும் இருக்கிறது என்று அவர் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். கிடங்கைச் சொன்னது நல்லதாயிற்று, ஏனென்றால் இந்தக் கேள்விக்கான பதிலின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாதாரணக் காலத்தில் ஊழியர் விரும்பிக் கேட்டு, நிறுவனம் யோசித்துக் கொடுக்கும் வீட்டிலிருந்து வேலை ஒரு சலுகை. பெருந்தொற்றின்போது நடப்பது வேறு. நிறுவனம் தன் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, ஊழியருடைய வீட்டில் ஓர் இடத்தைத் தன் பணியிடமாக எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தின் வாடகை, மின்சாரம், நாற்காலி, இணைய இணைப்பு எல்லாமே ஊழியர் கொடுப்பவை. வேலைநேரத்துக்கு ஓர் எல்லை, சந்தேகம் கேட்க அருகில் ஓர் ஆள், கோப்புகளுக்குப் பூட்டிய அலமாரி, சரியான உயரத்தில் ஒரு மேசை என்று அலுவலகம் இதுவரை சத்தமில்லாமல் கொடுத்துவந்தவை ஒரே நாளில் காணாமற்போகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, எதை எப்படித் திரும்பக் கொடுக்கப்போகிறோம் என்று முடிவெடுப்பதுதான் நிர்வாகத்தின் முதல் வேலை. முடிவெடுக்காமல் விட்டால் அந்தச் செலவும் ஆபத்தும் தாமாகவே ஊழியரின் தலையில் போய் விழும். யாரும் அதைத் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்தால் செயல்திறன் கூடும் என்று நம்பும் நிர்வாகிகள் பெரும்பாலும் ஓர் ஆய்வைச் சுட்டுவார்கள். சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 9 மாதங்கள் சோதனை நடத்தி, 2015இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். வீட்டிலிருந்து பணியாற்றியவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. வேலையை விட்டுப் போவோரின் விகிதம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் சோதனையில் இருந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தாமாக முன்வந்தவர்கள், குறைந்தது 6 மாத அனுபவம் உள்ளவர்கள், வேலை நேரத்தில் வேறு எவரும் வராத தனி அறையும் நல்ல இணைய இணைப்பும் வீட்டில் வைத்திருந்தவர்கள், வாரத்தில் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்துபோனவர்கள். அப்படியிருந்தும், சோதனை முடிந்து வாய்ப்புக் கொடுத்தபோது அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்ப விரும்பினார்கள். தனிமையே அதற்கு முக்கியக் காரணம். 2020இல் நடந்ததில் இந்த நிபந்தனைகள் சேர்ந்து அமையவில்லை. யாரும் முன்வந்து கேட்கவில்லை. தனி அறை எல்லோருக்கும் இல்லை. அந்த ஏப்ரல் மாதத்தில் உலகம் முழுவதும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி மூடப்பட்டு வீட்டில் இருந்தார்கள். எனவே பெருந்தொற்று தொடங்கும் வாரத்திலேயே 13 சதவீதக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இலக்குகளை உயர்த்தும் நிர்வாகம், ஆய்வைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, படித்ததாக ஆகாது. முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு இலக்குகளைக் குறைப்பதுதான் நேர்மையான தொடக்கம்.

இனி கிடங்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் உள்ள வேலைகளில் 37 சதவீதத்தை மட்டுமே முழுமையாக வீட்டிலிருந்து செய்ய முடியும் என்று ஜொனாதன் டிங்கல், பிரெண்ட் நீமன் என்ற இரு பொருளியலாளர்கள் 2020இல் கணக்கிட்டார்கள். வருமானம் குறைந்த நாடுகளில் இந்தப் பங்கு இன்னும் சிறியது. ஒரே நிறுவனத்துக்குள்ளும் இந்தக் கோடு ஓடுகிறது. நிரல் எழுதுபவர் வீட்டுக்குப் போகலாம். சரக்கை ஏற்றி இறக்குபவர், வாசலில் நிற்கும் காவலாளி, துப்புரவுப் பணியாளர், ஓட்டுநர் ஆகியோர் போக முடியாது. நிர்வாகத்தின் கவனமும் பணமும் பெரும்பாலும் போக முடிந்தவர்களைச் சுற்றியே செலவாகிவிடுகிறது. "நாம் அனைவரும் பாதுகாப்பாக வீட்டில் இருந்தபடியே" என்று தொடங்கும் மின்னஞ்சல் கிடங்கில் நிற்பவரின் கைப்பேசிக்கும் வந்து சேர்கிறது என்பதை எழுதியவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

கிடங்கு ஊழியர்களுக்குச் செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. ஒரு குழு இன்னொரு குழுவைச் சந்திக்காதபடி முறைவேலையைப் பிரித்து, இடையில் காற்றோட்டத்துக்கும் சுத்தம் செய்வதற்கும் இடைவெளி விட வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு குழுவில் தொற்று வந்தாலும் மற்றக் குழு வேலையைத் தொடர முடியும். முகக்கவசம் நிறுவனத்தின் செலவில் தரப்பட வேண்டும். போக்குவரத்து நின்றுபோன நாட்களில் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஊதியத்துடன் கூடிய நோய்விடுப்பு. காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலை இருந்தால், மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தத் தொழிலாளர்களை "அவர்கள் நம் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள்" என்று ஒதுக்குவது சட்டப்படி சில இடங்களில் செல்லுபடியாகலாம், ஆனால் தொற்றுக்கு அந்த வேறுபாடு தெரியாது. வீட்டுக்குப் போக முடிந்த எல்லோரும் போவதற்கான வலுவான காரணமும் இங்கேதான் இருக்கிறது: கட்டடத்துக்குள் ஆட்கள் குறையக் குறைய, வந்தே தீர வேண்டியவர்களின் ஆபத்தும் குறைகிறது. தன் குழு கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கணக்குப் பிரிவை அலுவலகத்துக்கு வரவழைக்கும் மேலாளர், காவலாளியின் நலத்தையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஊகிக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தனி அறை இருக்கிறதா, கணினியை வேறு யாரேனும் பகிர்கிறார்களா, இணைப்பின் வேகம் என்ன, எந்த நேரத்தில் வேலை செய்வது கடினம் என்ற நான்கைந்து கேள்விகள் போதும். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் கேட்க வேண்டியதில்லை. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், திரையைக் கண் உயரத்துக்குக் கொண்டுவந்தால் கை வலிக்கும், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து வலிக்கும். ஒரு தனி விசைப்பலகையும் மவுஸும் கொடுத்துவிட்டால், நான்கு புத்தகங்களை அடுக்கித் திரையை உயர்த்திக்கொள்ளலாம். நல்ல ஹெட்செட் ஒன்று வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு மடிக்கணினியைவிடவும் அவசரமானது. அலுவலகத்தில் சும்மா கிடக்கும் நாற்காலிகளையும் திரைகளையும், யார் எதை எடுத்தார் என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதிக்கலாம். பூட்டிய கட்டடத்தில் தூசி படிவதைவிட அது மேல். இணையத்துக்கும் மின்சாரத்துக்கும் ரசீது கேட்டு அலைக்கழிப்பதற்குப் பதில் மாதந்தோறும் ஒரு நிலையான தொகையை ஊதியத்தோடு கொடுப்பது இரு தரப்புக்கும் எளிது. தொலைப்பணியால் கூடும் மின்சார, இணையச் செலவுகளை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று போர்ச்சுகல் 2021இல் சட்டமே இயற்றியது. சட்டம் இல்லாத நாட்டிலும் கணக்கு ஒன்றுதான், ஏனென்றால் அலுவலக மின்கட்டணம் குறைந்திருக்கிறது, குறைந்த அந்தத் தொகை எங்கோ கூடியிருக்கிறது.

கருவிகளைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டதாக நிர்வாகங்கள் நினைப்பதுண்டு. உண்மையில் நேரத்தின் எல்லைதான் பெரிய இழப்பு. பெருந்தொற்றின் தொடக்கத்தில் 16 பெருநகரங்களைச் சேர்ந்த 31 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மின்னஞ்சல், கூட்டத் தரவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, சராசரி வேலைநாள் 48.5 நிமிடங்கள் நீண்டதாகவும், கூட்டங்களின் எண்ணிக்கை 12.9 சதவீதம் கூடியதாகவும் கண்டது. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் என்பது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அது ஊதியம் இல்லாத நேரம், பயண நேரம் மிச்சமானதே என்ற சமாதானத்தோடு எடுத்துக்கொள்ளப்பட்ட நேரம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021 மே மாதத்தில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2016இல் மட்டும் நீண்ட வேலைநேரத்தோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதயநோயாலும் 7,45,000 பேர் இறந்தார்கள். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல்.

ஆகவே விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டிய பொதுநேரம் எது, அதற்கு வெளியே வரும் செய்திக்கு எப்போது பதில் எதிர்பார்க்கப்படும், உண்மையான அவசரத்துக்கு யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்ற மூன்றும் முதல் வாரத்திலேயே தெளிவாக வேண்டும். பிரான்ஸில் 2017 முதல் 50 பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனங்கள் வேலைநேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை குறித்து ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும். போர்ச்சுகலின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பதை நிறுவனத்தின் கடமையாகவே வைக்கிறது. விதியைவிட வலியது மேலதிகாரியின் நடத்தை. இரவு பதினொரு மணிக்கு நிர்வாக இயக்குநர் அனுப்பும் மின்னஞ்சலின் அடியில் "உடனே பதில் தேவையில்லை" என்று எழுதியிருந்தாலும் பதில் வரத்தான் செய்யும். காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி பெரும்பாலான மின்னஞ்சல் மென்பொருளில் இருக்கிறது.

இங்கே கண்காணிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணம் உள்ள நிர்வாகங்களும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆட்களைக் கண்ணால் பார்க்க முடியாதபோது ஒரு பதற்றம் வருகிறது. அந்தப் பதற்றத்தை விற்பனைப் பொருளாக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன: விசையழுத்தங்களை எண்ணுபவை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிப்பவை, கேமரா வழியே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பவை. பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியே மேலாளருக்குப் போதுமான சாட்சியாகிவிடுவதும் உண்டு. அளக்கப்படுவது எதுவோ அதை ஊழியர்கள் கொடுப்பார்கள். புள்ளி பச்சையாக இருக்க வேண்டுமென்றால் அது பச்சையாக இருக்கும். மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் சிறு கருவிகள் சந்தையில் நன்றாகவே விற்பனையாயின. ஒரு சிக்கலான கணக்கை முடிக்கக் காகிதத்தில் நாற்பது நிமிடம் எழுதிப் பார்த்தவர் அந்தப் பதிவேட்டில் சோம்பேறி. தேவையில்லாத செய்திகளை நாள் முழுதும் அனுப்பியவர் சுறுசுறுப்பானவர்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020இல் தன் அலுவலக மென்பொருளில் ஊழியர்கள் அந்த மென்பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் உற்பத்தித்திறன் மதிப்பெண் என்ற வசதியைச் சேர்த்தபோது, தனிநபர் பெயரோடு தரவு தெரிகிறது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் தொடக்கத்தில் பெயர்களை நீக்குவதாக அது அறிவித்தது. விற்பவரே பின்வாங்கிய ஒன்றை வாங்குபவர் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டுக்குள் திருப்பப்பட்ட கேமராவில் ஊழியர் மட்டுமா தெரிகிறார்? உடைமாற்றும் பிள்ளை, மருந்து உண்ணும் தாய், சுவரில் மாட்டிய சாமிப் படம் அல்லது கட்சிக் கொடி என்று நிறுவனத்துக்கு எந்த உரிமையும் இல்லாத எத்தனையோ அதில் பதிவாகும். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் தரக்கட்டுப்பாட்டுக்காக அழைப்புகளைப் பதிவுசெய்வது நியாயம். பதிவாகிறது என்பது ஊழியருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்து, அலுவலகத்தில் இருந்த அளவைத் தாண்டாமல் இருக்கும்வரை அது நியாயம். மற்றப் பிரிவுகளில் இந்த வாரத்துக்குள் எது முடிய வேண்டும் என்று திங்கட்கிழமை ஒப்புக்கொண்டு, வெள்ளிக்கிழமை முடிந்ததா என்று பார்ப்பது போதும். அப்படிப் பார்க்கத் தெரியாத மேலாளர் அலுவலகத்திலும் வேலையை அளந்திருக்கவில்லை. வருகையைத்தான் அளந்துகொண்டிருந்தார், அது இப்போது வெளியே தெரிகிறது. மென்பொருளுக்குச் செலவிடும் பணத்தில் அவருக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

கூட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காணொளிக் கூட்டம் ஏன் இவ்வளவு களைப்பைத் தருகிறது என்பதற்கு ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணங்களைச் சொன்னார்: இடைவிடாமல் மிக அருகில் நம்மைப் பார்க்கும் முகங்கள், நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமை, சைகைகளைப் புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் கூடும் மனச்சுமை. கேமராவைக் கட்டாயமாக்காமல் இருப்பதும், பேசித்தான் தீர வேண்டும் என்றில்லாதவற்றை எழுத்தில் முடிப்பதும் இதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். எடுத்த முடிவுகளை அன்றே ஒரு பொது ஆவணத்தில் எழுதிவைக்க வேண்டும். இணைப்பு அறுந்துபோனவரும், குழந்தைக்குச் சோறூட்டப் போனவரும் எதையும் இழக்கக் கூடாது.

குழந்தை என்றதும் வருவது அடுத்த பொறுப்பு. பள்ளி மூடியிருக்கும்போது வீட்டில் சிறு பிள்ளை உள்ள ஊழியரிடம் முழுநேர வேலையை எதிர்பார்ப்பது நடக்காத காரியம். நடக்கிறதென்றால் யாரோ ஒருவர் தூக்கத்தை விட்டு அதை நடத்துகிறார், அந்த யாரோ பெரும்பாலும் பெண். வேலைநேரத்தை அதிகாலைக்கும் இரவுக்கும் பிரித்துக்கொள்ளும் அனுமதி, சில மாதங்களுக்கு ஊதியம் குறையாமல் வேலையைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பு, ஆண்டு மதிப்பீட்டில் அந்த மாதங்களைக் கணக்கில் கொள்ளாதிருத்தல் ஆகியவை நிறுவனத்தின் கையில் உள்ளவை. அந்த அனுமதியை ஆண்களும் பயன்படுத்தும்படி மேலாளர்களே எடுத்துப் பயன்படுத்திக் காட்டினால், அது பெண்களுக்கு மட்டுமான கறையாக ஒட்டிக்கொள்ளாது. பிள்ளை இல்லாதவர்களின் மேல் மிச்ச வேலை முழுவதும் சாயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களும் முதிய பெற்றோரையோ தங்கள் தனிமையையோ சுமந்துகொண்டிருக்கக் கூடும்.

நோயும் மரணமும் இந்தக் காலத்தின் இயல்பான செய்திகளாகிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் காய்ச்சலோடும் கணினியைத் திறப்பார், ஏனென்றால் படுக்கைக்கும் மேசைக்கும் இடையே தூரம் இல்லை. "உடம்பு சரியில்லையா, படுத்துக்கொண்டே இதை மட்டும் பார்த்துவிடுங்கள்" என்ற வாக்கியத்தை எந்த மேலாளரும் எழுதக் கூடாது என்பதை விதியாகவே வைக்கலாம். நோய்விடுப்பு என்றால் அன்று மின்னஞ்சலும் கிடையாது. குணமான பின்னும் மாதக்கணக்கில் சோர்வும் மூச்சிரைப்பும் நினைவுத் தடுமாற்றமும் நீடிப்பதைக் கொரோனாவுக்குப் பின் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் படிப்படியாக வேலைக்குத் திரும்ப வழி செய்ய வேண்டும். ஒரு குழுவில் ஒருவருடைய தந்தை இறந்துவிட்டால், அதை யார் மற்றவர்களுக்குச் சொல்வது, அவருடைய வேலையை யார் எடுத்துக்கொள்வது, அவர் திரும்பி வரும் நாளில் அவருக்கு முன் நூற்றைம்பது படிக்காத மின்னஞ்சல்கள் நிற்காமல் யார் பார்த்துக்கொள்வது என்பவை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டிய விஷயங்கள். அலுவலகம் இருந்தபோது நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அது இல்லை. மேலாளர் தொலைபேசியில் அழைத்து, வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வீடு எல்லோருக்கும் பாதுகாப்பான இடம் அன்று என்பதையும் மறக்கக் கூடாது. ஊரடங்குகளின்போது குடும்ப வன்முறை பல நாடுகளில் கூடியதாக ஐக்கிய நாடுகளின் பெண்கள் அமைப்பு எச்சரித்தது. காரணம் கேட்காமல் அலுவலகத்தில் ஓர் இருக்கையைச் சிலருக்குத் திறந்துவைப்பது, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, பெரிய உதவி. தனி அறை இல்லாதவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் கேட்பவர் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள்.

புதிதாகச் சேருபவர்களை நிறுவனங்கள் கிட்டத்தட்ட மறந்தேவிடுகின்றன. முதல் நாள், கூரியரில் மடிக்கணினி வந்து சேர்கிறது. திறந்தால் கடவுச்சொல் கேட்கிறது. கடவுச்சொல் அவருடைய அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது; அந்த மின்னஞ்சலை அந்த மடிக்கணினியில் மட்டும்தான் திறக்க முடியும். உதவி மையத்தின் எண்ணோ அலுவலகத்துக்குள் மட்டும் இயங்கும் நான்கிலக்க உள்எண். முகம் தெரியாத பத்துப் பேருக்கு முன்னால் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவர் யாரை அழைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். இதைத் தவிர்க்கப் பெரிய திட்டம் வேண்டாம். அவருடைய சொந்தத் தொலைபேசிக்கு முந்தைய நாளே அழைத்துப் பேசும் ஒரு மூத்த சக ஊழியர் போதும். அவருடன் முதல் இரண்டு மாதம் தினமும் கால் மணி நேரம் பேசுவது அந்த மூத்தவரின் வேலையாகவே கணக்கில் வர வேண்டும், அன்பளிப்பாக அன்று.

தகவல் பாதுகாப்பில் ஊழியர்மேல் பழிபோடுவது எளிது. அலுவலக வலையமைப்புக்குள் ஐந்து பேர் வெளியிலிருந்து நுழைவதற்காக வாங்கிய விபிஎன் வழியே எண்பது பேர் நுழைய முயன்றால் அது திணறும். திணறினால் ஊழியர்கள் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வார்கள், வாடிக்கையாளர் பட்டியலை வாட்ஸ்அப்பில் பகிர்வார்கள். வேலையை முடிக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அதைச் செய்கிறார்கள். ஆகவே பாதுகாப்பான வழி எளிய வழியாகவும் இருக்க வேண்டும். எல்லாக் கணக்குகளுக்கும் இருபடிச் சரிபார்ப்பு, நிறுவனக் கணினிகளின் வட்டுகளில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம், வெளியிலிருந்து அலுவலகக் கணினியை இயக்க இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைத்த தொலை மேசை இணைப்புகளை மூடுவது ஆகிய மூன்றும் உடனடித் தேவை. பெருந்தொற்றுச் செய்திகளே தூண்டிலாகும்: உலக சுகாதார நிறுவனம் தன் ஊழியர்கள்மீதான இணையத் தாக்குதல்கள் ஐந்து மடங்கு கூடியதாகவும், தன் பெயரிலேயே மோசடி மின்னஞ்சல்கள் பொதுமக்களுக்குப் போவதாகவும் 2020 ஏப்ரலில் அறிவித்தது. கணக்குப் பிரிவுக்கு ஒரு தனி விதி அவசியம்: வங்கிக் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லியோ அவசரமாகப் பணம் அனுப்பச் சொல்லியோ யார் பெயரில் மின்னஞ்சல் வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு காசும் போகக் கூடாது. அலுவலகத்தில் இருந்திருந்தால் எழுந்து போய்க் கேட்டிருப்பார்கள். சம்பளத்தை அனுப்பத் தேவையான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பூட்டிய கட்டடத்தின் எந்த இழுப்பறையில் கிடக்கிறது, இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவைப்பது நல்லது.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு நாட்டிலும் நிலை வேறு. ஆயினும் வீட்டு வாசலோடு நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். படுக்கையிலிருந்து எழுந்து வீட்டிலுள்ள வேலை அறைக்குப் போகும் வழியில் சுழற்படியில் வழுக்கி விழுந்த ஒருவருக்கு நேர்ந்தது பணிவிபத்தே என்று ஜெர்மனியின் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உங்கள் காப்பீட்டில் வீட்டில் நிகழும் பணிவிபத்து அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊழியர் வேறு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ சென்று அங்கிருந்து வேலை செய்யத் தொடங்கினால் வரியும் சமூகப் பாதுகாப்பும் மாறக்கூடும்; மறைக்காமல் சொல்லும்படி அவர்களிடம் கேட்பதோடு, சொன்னதற்காக யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்ற உறுதியும் தர வேண்டும்.

கடைசியாக, திரும்பி வருவது. கொரோனாவை உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையாக அறிவித்தது 2020 ஜனவரி 30. அதை முடித்துக்கொண்டது 2023 மே 5. மூன்றாண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தக் காலத்தில் "அடுத்த மாதம் திறக்கிறோம்" என்று அறிவித்துத் தள்ளிப்போட்ட நிறுவனங்களின் ஊழியர்கள் வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி, பெற்றோரின் சிகிச்சை எதையும் முடிவு செய்ய முடியாமல் தவித்தார்கள். தேதியை அறிவிப்பதைவிட நிபந்தனையை அறிவிப்பது மேல்: அரசின் எந்தக் கட்டுப்பாடு நீங்கினால், கட்டடத்தின் காற்றோட்டம் எந்த அளவுக்குச் சரியானால் திறப்போம், அப்போதும் குறைந்தது ஆறு வார முன்னறிவிப்புக் கொடுப்போம் என்று சொல்லலாம். நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் அப்படிப்பட்டவர்களோடு வாழ்பவர்களும் கடைசியில் திரும்பட்டும். இரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் ஊழியரும் மேலாளரும் நேரில் சந்திக்க வேண்டும் என்பதையும் போர்ச்சுகல் தன் சட்டத்தில் சேர்த்திருக்கிறது. தொற்று தணிந்ததும் அதை எவரும் பின்பற்றலாம். பிறகு சிலர் வீட்டிலும் சிலர் அலுவலகத்திலுமாக வேலை தொடர்ந்தால், யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்ற பட்டியலை ஆண்டு முடிவில் எடுத்துப் பாருங்கள். சிட்ரிப்பில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் அதே அளவு செயல்திறன் காட்டியும் பதவி உயர்வில் பின்தங்கினார்கள். உங்கள் பட்டியலிலும் அலுவலகத்துக்கு வந்துபோனவர்களின் பெயர்களே நிறைந்திருந்தால், அந்த ஆண்டின் மதிப்பீடுகளை வேறொரு மேலாளரைக் கொண்டு மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.